மத்தியான நிஷி

பள்ளியில் சேர்ந்த முதல் நாளே ஒரு பெரிய பையன் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், மேல்மாடி வராந்தாவில் ஒரு நிஷி இருக்கிறது, கவனமாக இரு என்று சொன்னான்.

நிஷி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. திருநெல்வேலியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்த புதிது. சியால்தாவுக்குக் கிழக்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. பள்ளிக்கூடம் இன்னும் கிழக்கே, கால்வாயைத் தாண்டி இருந்தது. கத்தோலிக்கத் துறவிகளின் சபை ஒன்று அதை நடத்தியது. பின்சுவரோடு ஊர் முடிந்துவிடும். அதற்கப்பால் உப்பு ஏரிச் சதுப்புதான். மார்கழி, தை மாதங்களில் அங்கிருந்து வரும் பனி சுவரேறிக் குதித்து முற்றத்தில் மத்தியானம் வரைக்கும் நிற்கும். அந்தப் பனிக்குள் யாராவது பேசினால் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று சொல்ல முடியாது.

விடுதியில் இருந்தவர்கள் பெரும்பாலும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். என்னைப்போல் வீட்டிலிருந்து போய் வந்தவர்கள் கொஞ்சப்பேர்தான். கிணற்றடிக்குக் கூட்டிப்போன பையனும் விடுதிக்காரன், வங்காளி. அவனை எல்லோரும் தாதா என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் என்று அர்த்தம்.

நிஷி ஒரு பேய் என்றான் தாதா. தெரிந்தவர்களின் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுமாம். 'என்ன' என்று கேட்டுவிட்டால் போதும், கால்கள் தாமாக அதன் பின்னால் நடக்க ஆரம்பித்துவிடும். ஆனால் நிஷியால் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட முடியாது. அதனால் வங்காள கிராமங்களில் மூன்றாவது முறை கூப்பிட்டால்தான் ஆட்கள் பதில் சொல்வார்களாம்.

"ராத்திரியில்தானே வரும்?" என்று கேட்டேன்.

"மற்ற இடத்து நிஷி ராத்திரியில் வரும். நம்முடையது மத்தியானத்தில் வரும்" என்றான்.

அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதுபோல் மற்றதையும் சொன்னான். மேல்மாடிக்குத் தனியாகப் போகக்கூடாது. உன்னைக் கூப்பிட்டால் நீ பதில் சொல்லாதே, பக்கத்தில் இருப்பவன் சொல்லுவான். போய்த்தான் ஆகவேண்டுமென்றால் இரண்டு பேர் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவார்கள். என்ன ஆனாலும் அவர்களை விட்டுவிடாதே. அது கொடுப்பது எதையும் தின்னாதே. பயமாக இருந்தால் ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லு, நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லுவோம்.

ஏழாம் வாய்ப்பாடு எனக்குத் தெரியாது. அந்த வாரமே படித்துக்கொண்டேன்.

மேல்மாடி வராந்தாவின் கடைசியில் ஓர் அறை இருந்தது. தேசப்படங்களும், ஓட்டை விழுந்த ஓர் உலக உருண்டையும், பழைய பீடத் துணிகளும் அதில் இருந்தன. ஜன்னல் முழுக்கச் சாய்ந்த மரச்சட்டங்கள் அடித்திருந்தார்கள். உள்ளே இருப்பவருக்கு வராந்தா தெரியும், வராந்தாவில் இருப்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சின்னப் பையன்கள் அந்த வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கவேண்டும் என்பது விதி. அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தாதாவும் கூட இருப்பான். வீட்டுப் பையன்களும் அங்கேயே உட்கார்ந்து சிலேட்டில் எழுதுவோம். துறவிகள் கீழே உணவறையில் இருப்பார்கள். தலைக்கு மேல் புறா முனகும். வேறு சத்தம் இருக்காது.

ஒரு நாள் அந்த மரச்சட்டங்களுக்குப் பின்னாலிருந்து யாரோ என் பெயரைச் சொன்னார்கள்.

மிகவும் மெதுவான, அன்பான குரல். என் பெயரை வங்காளிகள்போல் இழுக்காமலும் வெள்ளைக்காரர்கள்போல் உடைக்காமலும், வீட்டில் சொல்வதுபோலவே சொன்னது. நான் எழுந்திருக்கப்போனேன். தாதாவின் கை என் கழுத்தின் பின்பக்கம் வந்து அழுத்தியது. பாயில் படுத்திருந்த பிள்ளைகள் எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். யாரும் அசையவில்லை. குரல் இன்னொரு தடவை வந்தது. முதல் தடவையைவிட அன்பாக இருந்தது.

"அவனுக்கு வயிற்றுவலி, பிரதர். அவனுக்குப் பதில் நாங்கள் மூன்று பேர் வருகிறோம்" என்று தாதா சொன்னான்.

 பிறகு, "வேண்டாம்" என்றது.

தாதா 'பிரதர்' என்று சொன்னதை நான் கேட்டேன். ஆனாலும் எனக்கு அது நிஷிதான். எட்டு வயதில் இரண்டும் ஒன்றாக இருப்பதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. துறவிகளில் ஒருவரான அந்தப் பிரதர் வகுப்பில் பூகோளம் நடத்துவார், ஹார்மோனியம் வாசிப்பார், பிள்ளைகளின் பெற்றோர் வந்தால் வாசல்வரை போய் வரவேற்பார். மத்தியானத்தில் அந்த அறைக்குள் இருப்பது மட்டும் நிஷி.

அந்தக் குளிர்காலத்தில் விடுதிக்கு ஒரு சின்னப் பையன் புதிதாக வந்தான். ஐந்தாறு வயதிருக்கும். காய்ச்சலில் குடும்பமே போய்விட்டதாம். வந்த அன்று வாய் ஓயாமல் பேசினான். எங்களிடம், புறாக்களிடம், சுவரில் ஓடும் பல்லியிடம்கூட. தாதா அவனுக்கும் எல்லாம் சொல்லிக்கொடுத்தான். ஆனால் அடுத்த வாரம் தாதாவுக்கு அம்மை போட்டு அவனைத் தனியறையில் படுக்கவைத்துவிட்டார்கள். அவன் திரும்பி வருவதற்குள் சின்னவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

அழவில்லை. சோறு தின்றான், சொன்ன இடத்தில் உட்கார்ந்தான். ஆனால் எப்போதும் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தான். கூப்பிட்டால் கூப்பிட்டவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். மற்றப் பிள்ளைகள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் ரொட்டியை அவன் தட்டில் வைத்தார்கள். தூங்கும்போது அவனை நடுவில் போட்டுக்கொண்டார்கள்.

"நிஷி அவன் குரலை எடுத்து ஒரு தேங்காய்க்குள் போட்டு மூடிவிட்டது" என்று ஒருவன் என்னிடம் சொன்னான். வங்காளத்துக் கதைகளில் அப்படித்தான். நிஷி பிடித்தவனின் உயிரை மந்திரவாதிகள் இளநீர்க்காய்க்குள் அடைத்துவிடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் அம்மா பூஜைக்குத் தேங்காய் உடைக்க அரிவாளைத் தூக்கினாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மெதுவா உடைம்மா. உள்ள அவன் இருந்தா வெட்டிரும்."

அம்மா அரிவாளைக் கீழே வைத்தாள். "யாருய்யா உள்ள இருக்கது?"

சொன்னேன். பேய்க்கதை சொல்லும் குஷியோடுதான் சொன்னேன். அம்மா முதலில் சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, தேங்காயைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"அந்த நிஷிக்குக் கால் இருக்கா?"

"இருக்கும்மா. கறுப்பு பூட்ஸு போட்டிருக்கும்."

"திங்க என்ன குடுக்கும்?"

"தகர டப்பாவுல புளிப்பு முட்டாய். நான் வாங்குனதே இல்ல. தாதா விடமாட்டான்."

"ஒன்னயக் கூப்பிட்டுச்சா?"

"ஒரு தடவை. நான் போகல."

"போகவே இல்லயே?"

"இல்லம்மா."

அம்மா என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். அவள் உள்ளங்கையில் தேங்காய் நார் ஒட்டியிருந்தது. பிறகு, "அந்தச் சின்னப் புள்ள போனானா?" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அன்றைக்குப் பூஜை நடக்கவில்லை. அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு நினைவில்லை.

சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் இருவரும் பேசிக்கொண்டார்கள். நான் அடுத்த அறையில் இருந்தேன். அம்மா என்ன சொன்னாளென்று கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். அப்பா சொன்னது கேட்டது.

"வேற பள்ளிக்கூடம் பாத்துருவோம். நாளைக்கே நிப்பாட்டிரலாம்."

"நம்ம புள்ளய நாம எடுத்துருவோம். தாய் தகப்பன் இல்லாத புள்ளைகள யாரு எடுப்பா?"

"அவங்க சாமியார்மாரு. வெள்ளைக்காரங்க வேற. சேக்கச் சொன்னதே எங்க கம்பெனி சாகேப்தான். நீ போய் என்னத்தச் சொல்லுவ? எந்தப் பாஷையில சொல்லுவ? சின்னப் புள்ளைக பேய்க்கதை பேசுதுன்னு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நான் போகத்தான் போறேன். நீங்க வாரீயளா, இல்லையா?"



மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு குதிரை வண்டியில் பள்ளிக்குப் போனாள். தனியாக அவள் வெளியே கிளம்பியது அதுதான் முதல் தடவை. கால்வாய்ப் பாலம் வரும்போது பனி இன்னும் விலகியிருக்கவில்லை. வண்டிக்காரன் முன்னால் இருக்கிறான் என்பது அவன் இருமலால்தான் தெரிந்தது. அம்மா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். விடுதிப் பிள்ளைகள் பிடிப்பதுபோலவே பிடித்திருந்தாள். அவளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பள்ளித் தலைவரை நாங்கள் பெரிய ஃபாதர் என்போம். வயதானவர், வெள்ளைத் தாடி, காது கொஞ்சம் மந்தம். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பள்ளியில் பிடித்த கொஞ்ச ஆங்கிலத்தோடு நடுவில் நான்தான்.

"இவங்ககிட்டச் சொல்லுய்யா…" என்று ஆரம்பித்தவள் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி நிறுத்தினாள். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் அவள், "வேண்டாம். இத ஒன் வாயால சொல்ல வேண்டாம்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் படம் வச்ச ரூமுக்குள்ள போய் நின்னு, பேசாத அந்தப் புள்ளயப் பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிடச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

நான் சொன்னேன். அவர் புருவத்தைத் தூக்கினார்.

"எதற்கு?"

"கூப்பிட்டுப் பாக்கட்டும். பொறவு அவங்களே சொல்லுவாங்க."

அவர் ஏன் ஒப்புக்கொண்டாரென்று பிற்காலத்தில் பலமுறை யோசித்திருக்கிறேன். அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பார். ஒருவேளை அவருக்கே முன்பு ஏதோ உறுத்தியிருக்கலாம். கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

துறவிகள் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். வராந்தாவில் பாய்கள் விரித்துப் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். அம்மாவும் நானும் மாடிப்படியின் முனையில் நின்றோம். கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவர் பின்பக்கத்துச் சின்னப் படியால் சுற்றிக்கொண்டு அறைக்குள் போனார். பிள்ளைகள் யாரும் அவரைப் பார்க்கவில்லை.

மரச்சட்டங்களுக்குப் பின்னாலிருந்து சின்னவனின் பெயர் வந்தது.

ஒரு தலைகூடத் திரும்பவில்லை. தூங்குவதாக நான் நினைத்த பிள்ளைகள் கண்ணைத் திறந்தார்கள். ஒவ்வொரு கையும் பக்கத்தில் இருந்தவனின் சட்டையைத் தேடிப் பிடித்தது. எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது, ஒரே உடம்பு புரண்டு படுப்பதுபோல். சின்னவன் நடுவில் சுருண்டு, முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். அம்மைத் தழும்பு மாறாத முகத்தோடு தாதா எழுந்து ஜன்னலுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றான்.

இரண்டாவது முறை பெயர் வந்தது. இந்தத் தடவை குரல் நடுங்கியது.

யாரோ ஒருவன் ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தான். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கத்தவில்லை. படுத்தபடியே, கூரையைப் பார்த்தபடியே, ஒரே குரலாகச் சொன்னார்கள். புறாக்கள் எழுந்து பறந்தன. நானும் அம்மாவின் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அவள் என் தோளைப் பிடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு பெரிய ஃபாதர் வெளியே வந்தார். அவர்தான் என்று தெரிந்த பிறகும் பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்தவில்லை, சட்டையை விடவில்லை. கடைசிவரை சொல்லி முடித்தார்கள். அவர் வராந்தாத் தரையில், பாய்களுக்கு நடுவில், மெதுவாக உட்கார்ந்தார். அங்கி சுற்றிலும் பரவிக்கிடந்தது.

"இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று தாதாவிடம் கேட்டார்.

"முன்னால் இருந்த பெரிய பையன்கள், ஃபாதர்."

"அவர்களுக்கு?"

"அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள்."

 அந்தப் பையன்கள் எல்லாம் வளர்ந்து, ரயில்வேயிலும் அச்சகங்களிலும் வேலைக்குப் போய்விட்டவர்கள். அவர்களில் சிலருக்குக் கல்யாணம் செய்துவைத்தவரே அவர்தான்.

அப்போது படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நிதானமாக ஏறி வந்த சத்தம் எங்களுக்குப் பின்னால் நின்றது. பூகோள பிரதர் அம்மாவைப் பார்த்துத் தலைதாழ்த்தினார். எப்போதும்போல் சிரித்த முகம். என் பெயரை, வீட்டில் சொல்வதுபோலவே சொல்லி, "உன் அம்மாவா?" என்று கேட்டார். அம்மா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்திருந்த பெரிய ஃபாதரைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் வேறாகிவிட்டன. பெரிய ஃபாதர் தங்கள் தேசத்து மொழியில் இரண்டே வார்த்தை சொன்னார். பிரதர் திரும்பி இறங்கிப் போனார். வந்ததுபோலவே நிதானமாகப் போனார்.

பெரிய ஃபாதர் எங்களைக் கீழே கூட்டிப்போய், பிரதரை மலைப்பிரதேசத்தில் உள்ள தங்கள் மடத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். நான் அம்மாவிடம் சொன்னேன்.

"அங்க புள்ளைக இருக்காங்களான்னு கேளு."

கேட்டேன். அவர் மேஜையைப் பார்த்தார். "அங்கேயும் ஒரு பள்ளி இருக்கிறது" என்றார்.

"அப்ப அங்க அனுப்பக் கூடாதுன்னு சொல்லு."

இரண்டு நாள் கழித்து அப்பாவும் வந்தார். கோட்டும் தலைப்பாகையும் அணிந்து, ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு, அம்மா சொல்லச் சொல்ல அவரே ஆங்கிலத்தில் பேசினார். பாதியில் அவர் குரல் உடைந்ததைக் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன். போலீசுக்குப் போகவேண்டுமென்று அப்பா சொன்னார். தங்களுக்கு மேலே இருக்கும் மேற்றிராணியார்தான் முடிவு செய்யவேண்டுமென்று பெரிய ஃபாதர் சொன்னார். போலீஸ் வரவில்லை. அந்தக் காலத்தில் அதற்குமேல் போவதற்கு ஒரு வழியும் எங்களுக்குத் தெரியவில்லை. பிரதரைக் கப்பலேற்றி, கிழட்டுச் சாமியார்கள் மட்டும் இருக்கும் ஒரு மடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அது உண்மைதானா என்று அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். யாரிடம் கேட்டாரென்று எனக்குத் தெரியாது.

அந்த அறையின் கதவையும் மரச்சட்டங்களையும் தச்சர்கள் வந்து பெயர்த்தார்கள். பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக ஓர் அறையில் இருக்கக்கூடாதென்று பெரிய ஃபாதர் கட்டளை போட்டார். அது தனக்கும் சேர்த்துத்தான் என்றார். அதைத் தங்களுக்கு அவமானமாக எடுத்துக்கொண்ட துறவிகள் இரண்டு பேர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அம்மாவிடம் அவர் ஒன்று கேட்டார். சொல்லாமல் கொள்ளாமல், தோன்றிய நாளில் வந்து, எந்த அறைக்குள்ளும் போய்ப் பார்க்க முடியுமா என்று. அம்மா போனாள். தையல் கூடையோடு வராந்தாவில் உட்கார்ந்து கிழிந்த சட்டைகளைத் தைப்பாள். அதிலும் சட்டை நுனிகள்தான் அதிகம் கிழிந்திருக்கும். பிள்ளைகள் அவளை மாஷிமா என்று கூப்பிட்டார்கள். சித்தி என்று அர்த்தம்.

சின்னவன் முதலில் பேசியது அவளிடம்தான். பல மாதங்கள் ஆகியிருந்தன. அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரு நாள், "ஊசி" என்றான். தமிழில் சொன்னான். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆமா, ஊசி" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து தைத்தாள். அவன் பழையபடி ஆகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். வளர்ந்த பிறகும் அறையின் நடுவில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் நிஷி போகவில்லை. சுவரில் ஜன்னல் இருந்த இடம் வெறும் ஓட்டையாக நின்றது, உள்ளே வெயில் அடித்தது, ஆனாலும் பிள்ளைகள் அந்தப் பக்கம் தனியாகப் போகவில்லை. அந்தப் பிரதரைப் பார்த்தே இராத புதுப் பையன்கள் வந்தார்கள். அவர்களைத் தாதாவுக்கு அடுத்தவன் கிணற்றடிக்குக் கூட்டிப்போனான். பெரிய ஃபாதர் அதைத் தடுக்கவில்லை. ஒரு பையனைக் கூப்பிட்டால் உடனே திரும்பவில்லை என்று யாரும் அடிக்கக்கூடாது, மறுபடி கூப்பிடுங்கள், அதற்கும் மறுபடி கூப்பிடுங்கள் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிவிட்டார்.

சில வருஷங்களுக்குப் பிறகு அவர் தம் தேசத்துக்குத் திரும்புவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மிகவும் தளர்ந்திருந்தார். அம்மா மோர் கொடுத்தாள். அதற்குள் அவள் கொஞ்சம் வங்காள மொழி கற்றிருந்தாள், அவருக்கும் தெரியும். அதனால் நடுவில் நான் தேவைப்படவில்லை. நெடுநேரம் அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தம்மை மன்னிக்கவேண்டும் என்றார்.

"என்னிடம் கேட்டு என்ன ஆகும்? அந்தப் பிள்ளைகளிடம் கேளுங்கள்" என்றாள் அம்மா.

"கேட்டேன். நேற்று எல்லோரையும் முற்றத்தில் கூட்டி நிறுத்திக் கேட்டேன்."

"என்ன சொன்னார்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை. மரியாதையாக நின்றார்கள். ஆனால் ஒருவனும் என்னைப் பார்க்கவில்லை, அம்மா. எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

 அவர் மோரைக் குடித்து முடித்தார். வாசல்வரை போய் அவரை வண்டியேற்றிவிட்டு வந்தோம்.